கவர் பிரிக்காத மெத்தை

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த மெத்தை, பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டில் கழித்துப் போட்டது. அவர்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது வேண்டாத சாமான்களை வேலையாட்களுக்குப் பங்கு வைத்தார்கள். ஒருத்திக்கு மிக்ஸி, ஒருத்திக்குக் கால் ஆடும் நாற்காலி, அம்மாவுக்கு மெத்தை. கம்பெனி வேனின் தலையில் கட்டி எம். புதுப்பட்டியிலிருந்து எங்கள் ஊர் வரை கொண்டுவந்து இறக்கினாள். தெருவே பார்த்தது. அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"முதலாளியம்மா படுத்த மெத்தத்தா. இலவம் பஞ்சு."

படுத்த மெத்தை என்பதை அவள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. மெத்தையின் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. ஒரு கனத்த உடம்பு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து உண்டாக்கிய பள்ளம். தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். தலைமாட்டில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துப் போயிருந்தது. நடுவில் மஞ்சள் விளிம்பு கட்டிய கறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. யார் வீட்டுக் குழந்தையின் மூத்திரமோ, யாருடைய காய்ச்சல் வியர்வையோ. வெயிலில் போட்டுத் தட்டினால் புழுங்கிய வாடை இன்னும் எழும்பும். தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி. நசுக்கினால் வரும் அந்த நாற்றம் என் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கூடவே வரும்.

நான் அதில் ஒரு நாளும் படுக்கவில்லை. அம்மா படுத்தாள். அவள் ஒடிசலான உடம்பு. முதலாளியம்மாளின் பள்ளத்துக்குள் பாதிதான் நிரம்பும். தூங்கும்போது பார்த்தால் வேறொருத்தியின் உடம்புக்குள் அவளைக் கிடத்தி வைத்ததுபோல இருக்கும். 

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கல்லூரி முடித்து, தேர்வெழுதி, சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பா பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டில் இருப்பார். அம்மா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறாள். தரையில் குந்தி உட்கார்ந்து, குனிந்து, கூம்புக் குழாய்க்குள் மருந்தைப் போட்டு இடிக்கிற வேலை. அலுமினியப் பொடி கையெல்லாம் ஏறி வெள்ளி பூசியதுபோல மினுங்கும். வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துக் குளிப்பாள். அப்படியும் உள்ளங்கை ரேகையிலும் நகக்கண்ணிலும் கொஞ்சம் தங்கிவிடும். பள்ளியில் என் மதிய உணவு டப்பாவின் மூடியில்கூட அந்த மினுக்கம் இருக்கும்.

அந்த வேலைதான் அவள் முதுகைத் தின்றது. காலையில் அவள் எழுந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது. முதலில் ஒருக்களிப்பாள். பிறகு இரண்டு கையையும் ஊன்றிக் குழந்தைபோல நாலு காலில் நிற்பாள். பிறகு தவழ்ந்து போய் நிலைக்கதவைப் பிடிப்பாள். நிமிரும்போது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். நான் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன்.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்கு நேந்திருக்கேன். சரியாப் போயிரும்" என்பாள்.

சரியாகப் போகவில்லை. இடது காலில் மதமதப்பு வந்தபோது சிவகாசியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்புக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இப்படியே விட்டால் கால் விளங்காமல் போகலாம், அப்புறம் கத்தி வைக்கிற பேச்சுதான் என்றார். பிறகு கேட்டார்.

"எதுல படுக்குறாங்க?"

நான் சொன்னேன். சொல்லும்போது என் காது சூடாகிவிட்டது.

"அதை முதல்ல தூக்கி எறிங்க. வெறுந்தரையும் வேண்டாம். அழுத்துனா கொஞ்சம் இடம் குடுக்கணும், ஆனா ஆளை உள்ள இழுக்கக் கூடாது. அந்த மாதிரி மெத்தை ஒண்ணு வாங்குங்க. ராத்திரி முழுக்க முதுகு ஓய்வெடுத்தாத்தான் நான் குடுக்குற மருந்து பிடிக்கும்."

அன்று சாயங்காலமே அந்தப் பழைய மெத்தையை இழுத்துத் தெருவில் போட்டேன். கொளுத்திவிட வேண்டும் என்று கை பரபரத்தது. அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள்.

"கூறுகெட்டவளே, இந்த ஊருல வந்து தீக்குச்சியக் கிழிக்கப் போறியா? பக்கத்து வீட்டுல வெடித்திரி காயுது."

அவள் சொன்னது சரி. எங்கள் ஊரில் குப்பையைக்கூட எரிக்க மாட்டோம். வறண்ட கண்மாய்க்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அது அங்கே இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் வீட்டிலோ யாரோ அந்தப் பள்ளத்தில் படுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது.

மெத்தை வாங்குவதற்கு முன் படித்தேன். பேருந்திலும், மதிய இடைவேளையிலும், கைபேசியில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். இலவம் பஞ்சு கட்டி தட்டும். சாதா ஃபோம் இரண்டு வருடத்தில் அமுங்கிவிடும். லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க வைத்து அச்சில் வேகவைத்து எடுப்பது. கனமாக இருக்கும். மேலும் கீழும் ஊசித் துளைகள் வரிசையாக இருக்கும். உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தால், எடுத்த மாத்திரத்தில் தடம் மறைய வேண்டும். தடம் நின்றால் அது வேறு சரக்கு. எங்கள் ஊர்ச் சூட்டுக்கு லேட்டக்ஸ்தான் வியர்க்காமல் காற்று விடும் என்றும் படித்தேன். சரி என்று தீர்மானித்தேன்.

அம்மாவை அழைத்துக்கொண்டு விருதுநகரில் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே கட்டில்கள் வரிசையாக அலங்கரித்துக் கிடந்தன. விற்பனைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வாங்க மேடம். கல்யாணம் எப்ப?"

"கல்யாணம் இல்லை. மெத்தை வேணும்."

"அதான் மேடம், சீருக்குத்தானே? பத்து இஞ்சு பாருங்க. வண்டியில ஏத்தித் தெருவுல வர்றப்ப எடுப்பா இருக்கும். ரிப்பன் நாங்களே கட்டித் தந்துருவோம்."

"எங்க அம்மாவுக்கு வேணும். முதுகு வலி. லேட்டக்ஸ் காட்டுங்க."

அவர் அப்போதுதான் அம்மாவைப் பார்த்தார். காலில் ரப்பர் செருப்பு, நூல் சேலை. பார்வை மெல்ல இறங்கி அவள் கையில் வந்து நின்றது. அம்மா குளித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் நகக்கண்கள் மினுங்கின. அவர் முகம் லேசாகச் சுருங்கியதை நான் பார்த்தேன்.

"அம்மாவுக்கா? அதுக்கு எதுக்கு மேடம் அம்புட்டு விலையில? அந்தா அங்கன மூலையில நாலு இஞ்சு ஃபோம் கிடக்கு. வயசானவுகளுக்கு அது போதும்."

"லேட்டக்ஸ் காட்டுங்க."

ஒரு கட்டிலைக் காட்டினார். "நூறு சதம் இயற்கை" என்று பொன் எழுத்தில் அட்டை தொங்கியது. அம்மாவைப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றும்போது அவர் அவசரமாக உள்ளே போய், சாமான் சுற்றிவரும் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து மெத்தையின் மேல் விரித்தார். சற்றுமுன் அதே மெத்தையில் ஒரு தம்பதி பிள்ளைகளோடு ஏறி உருண்டுவிட்டுப் போயிருந்தார்கள். சின்னப் பிள்ளையின் கையில் ஐஸ்கிரீம் இருந்தது. அவர்களுக்குத் தாள் எதுவும் விரிக்கவில்லை.

அம்மா அதன் மேல் படுத்தாள். அவள் உடம்பின் பாரம் பட்டதும் குமிழ்கள் படபடவென்று வெடித்தன. இடுப்பை நகர்த்தினாள், இன்னும் நாலு வெடித்தன.

"என்னக்கா, கம்பெனியிலருந்து சரவெடிய இடுப்புல கட்டிக்கிட்டு வந்துட்டீகளா?" என்றார் அவர்.

கல்லாவில் இருந்தவர் சிரித்தார். தலையணை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். மல்லாந்து படுத்தபடி, கைகளை மெத்தையில் படாமல் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஜிப்பைத் திறங்க" என்றேன்.

"என்ன மேடம்?"

"மெத்தை உறையில ஜிப் இருக்குல்ல. திறந்து உள்ளே காட்டுங்க."

"அது கம்பெனி சீல் மேடம். சீருக்கு வாங்குறவுக யாரும் அதெல்லாம் திறந்து பாக்க மாட்டாக."

"அதான் உங்களுக்கு வசதியா இருக்கு."

அவர் நகரவில்லை. நானே குனிந்து இழுத்தேன். மேலே ஒரு விரல் கனத்துக்கு வெள்ளை ரப்பர். அதற்குக் கீழே, துண்டு துண்டாக வெட்டிப் பசை போட்டு அழுத்திய கழிவு ஸ்பாஞ்சு. சிவப்பு, பச்சை, அழுக்கு மஞ்சள், பேருந்து இருக்கையின் நீலம். நடுவே நூல் பிசிறு. ஓரத்தில் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் முடி, நீளமான முடி. எவருடைய தலையிலிருந்தோ உதிர்ந்து, எத்தனை குப்பைமேட்டைத் தாண்டியோ இங்கே வந்து பொன் எழுத்து அட்டைக்குக் கீழே படுத்திருந்தது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. முதலாளியம்மாள் மெத்தை ஞாபகம் வந்தது.

"இதுக்கு மேலயா எங்க அம்மா கை படக்கூடாதுன்னு தாள் விரிச்சீங்க?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். தலையணை பார்த்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, தான் எடுத்து வைத்திருந்த தலையணையின் ஜிப்பைத் தேடத் தொடங்கினாள்.

வெளியே வந்ததும் அம்மா என்னைக் கடிந்துகொண்டாள். "எதுக்குத்தா நாலு பேரு முன்னால சண்டைக்குப் போற? மெத்த நல்லாத்தான இருந்துச்சு."

நான் சிவகாசிப் பேருந்தைத் தேடி நடந்தேன்.

அடுத்து சிவகாசியில், அச்சாபீஸ்கள் இருக்கும் தெருவில் ஒரு மெத்தைக் கிட்டங்கி, சரக்கு அடுக்கிய கூடம்தான் கடை. மேலே விளக்கும் இல்லை, அலங்காரமும் இல்லை. கடைக்காரர் பனியனோடு உட்கார்ந்து பைக் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததைச் சாவி நுனியில் எடுத்துப் பார்த்து, வேட்டியில் துடைத்துவிட்டு, அதே கையால் மெத்தையைத் தட்டிக் காட்டினார். ஊரில் ஓர் ஒழுங்கான ஆள் கிடையாதா என்று இருந்தது. ஆனால் நான் கேட்பதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிட்டார். அடி முதல் மேல் வரை ஒரே பால் நிறம், ஊசித் துளைகள், மெல்லிய ரப்பர் மணம். கையை வைத்து அழுத்தி எடுத்தேன். தடம் இல்லை.

"மூணு பதம் இருக்கு. இது இளசு, இது நடுத்தரம், இது கெட்டி. படுக்குறவுக படுத்துப் பாத்துச் சொல்லட்டும்" என்றார். எதையும் விரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பார்க்கவும் இல்லை. மறுபடியும் காதுக்குள் சாவியை விட்டுக்கொண்டார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அம்மாவிடம் எது நன்றாக இருக்கிறது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. இளசில் படுத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கெட்டியில் படுத்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு." அவளைக் கருங்கல்லில் படுக்க வைத்தாலும் அதைத்தான் சொல்வாள். தனக்கு எது சுகம் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை.

அதனால் வாயை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்தேன். இளசில் இடுப்பு உள்ளே இறங்கியது. எழும்போது என் தோளைப் பிடித்தாள். அது வேண்டாம். முதுகு வலிக்குக் கெட்டிதான் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் கெட்டியில் அவள் ஒருக்களித்தபோது இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே என் கை தாராளமாக உள்ளே போனது. தோள்பட்டை எலும்பு குத்துகிறது, முகத்தில் தெரிந்தது. அவள் உடம்பில் கனமே இல்லை, கெட்டியை அமுக்கும் அளவுக்கு அவளிடம் சதை கிடையாது. கடைசியாக நடுத்தரம். ஒருக்களித்தாள். என் விரல்கள் இடுப்புக்குக் கீழே சிக்கி நின்றன. முதுகெலும்பு ஒரே கோடாகக் கிடந்தது. அம்மா ஒரு கையை எடுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள். இரண்டு கால்களையும் லேசாக மடக்கினாள். கண்ணை மூடினாள்.

"இதுதான்" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் தலையாட்டினார். "வெயில் படாம வைங்க. நிறுத்தி வைக்காதீக, படுக்கப் போட்டே வைங்க, இல்லாட்டி வடிவம் கெட்டுப் போகும். மேல சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்க அன்னிக்கே உரிச்சிருங்க. ரப்பருக்கு மூச்சு முட்டக் கூடாது" என்றார்.

மெத்தை வந்த அன்று எனக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம். பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி எல்லோருக்கும் முன்னால் நின்றாள்.

"ஒரு வார்த்த சொல்லலியே! மாப்ள யாரு? எந்த ஊரு?"

"அம்மாவுக்கு வாங்குனது சித்தி."

சித்தி சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். ஒருத்தி, "ஆத்தாளுக்கா? அப்ப ஆத்தாளுக்கு எப்ப முகூர்த்தம்?" என்றாள். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் புது மெத்தை வந்தால் அந்த வீட்டில் பெண்ணுக்கு இடம் அமைந்துவிட்டது என்றுதான் பொருள். புது மெத்தை ஒரே ஒரு தடவைதான் தெருவைக் கடக்கும், அதுவும் சீர் வண்டியில். படுப்பதற்கென்று ஒருவர் மெத்தை வாங்கி யாரும் பார்த்ததில்லை.

உள்ளே போனேன். மெத்தை சுவரோடு சுவராக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. அதன் மேல் அம்மா தன் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தாள், தூசி படாமலிருக்க. உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். கீழே அவளுடைய பாய் விரித்திருந்தது.

"ஏம்மா இன்னும் பிரிக்கல?"

"நல்ல நாளு பாத்துப் பிரிப்போம்த்தா."

நல்ல நாள் வரவில்லை. அன்று அமாவாசை, நாளை மறுநாள் கரிநாள், அடுத்த வாரம் அப்பா வரட்டும். நான் ஒரு நாள் கவரைக் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மை வெளியே வந்தது.

"ஒரு நா படுத்தாலும் அது பழைய மெத்ததான? படுத்த மெத்தயச் சீருல குடுக்க முடியுமா? உனக்கு இன்னிக்கோ நாளைக்கோ அமைஞ்சா திரும்ப இம்புட்டு நல்ல மெத்தைக்கு எங்க போக? எனக்கு இந்தப் பாயே போதும்."

படுத்த மெத்தையை முதலாளி வீட்டிலிருந்து தலைமேல் வைத்துக் கொண்டாடி வாங்கிவந்தவள் சொல்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கத்தினேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், ஒரு நாள் சாப்பிடாமலும் இருந்தேன். அவள் அசையவில்லை. காலையில் நாலு காலில் தவழ்ந்து போய் நிலைக்கதவைப் பிடித்து எழுந்தாள். கம்பெனி வேன் வந்ததும் போனாள். சீசன் நேரம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்றாள். இடது காலைத் தரையில் தேய்த்து நடந்தாள்.

சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே மெத்தை வெந்தது. பகலில் கவருக்குள் நீர்த்துளிகள் பூத்து வழிந்தன. கீழ் ஓரம் பாரம் தாங்காமல் புடைக்க ஆரம்பித்தது. பக்கத்தில் போனால் வேகவைத்த ரப்பர் வாடை. ஒரு மூலையில் கவருக்குள் ஒரு கரப்பான் பூச்சி எப்படியோ நுழைந்து செத்துக் கிடந்தது. என் அம்மாவின் முதுகுக்காக நான் தேடித் தேடி எடுத்த பொருள் கண் முன்னால் பிணம்போல வியர்த்துக்கொண்டு நின்றது.

அந்தச் சமயத்தில் சித்தி ஒரு மாப்பிள்ளை வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தாள். பையன் அச்சாபீஸில் மேனேஜர், நல்ல குடும்பம் என்று சொன்னாள். பையனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தது முதல் போகும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா காராச்சேவு தின்ற கையோடு எழுந்து நேரே சுவர்ப்பக்கம் போனாள். போர்த்தியிருந்த சேலையை விலக்கினாள். கட்டைவிரலால் மெத்தையை அமுக்கினாள். இன்னும் ஓர் இடத்தில் அமுக்கினாள். சந்தையில் மாட்டின் விலாவைக் குத்திப் பார்ப்பார்களே, அப்படி. கவரின் மேல் எண்ணெய்த் தடம் விழுந்தது.

"ரப்பரா? கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கு" என்றாள்.

"நல்ல சரக்கு மதினி. பிள்ள அலைஞ்சு எடுத்தது" என்றாள் சித்தி.

"எங்க வீட்டுக் கட்டிலு ஆறுக்கு ஆறர. இது பத்தாதே. மாத்திக் குடுப்பாகளா?"

அம்மா அவசரமாகச் சொன்னாள். "கவரே பிரிக்கல மதினி. மாத்திக்கிரலாம்."

அவள் அதைச் சொல்லும்போது நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இடது கால் தரையில் முழுதாக ஊன்றவில்லை. அந்த அம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. என்னையும் அவ்வளவாகப் பார்க்கவில்லை. நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்கவில்லை, எங்கே வேலை என்று கேட்கவில்லை. மெத்தையை இரண்டு இடத்தில் அமுக்கினாள்.

"அது எங்க அம்மாவோட மெத்தை. மாத்த மாட்டோம்" என்றேன்.

சித்தி என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மாள் சிரித்தபடி விரலைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் அனுமதி கேட்டு மதியமே வந்துவிட்டேன். கவரை உச்சியிலிருந்து கீழ் வரை கத்தியால் கிழித்தேன். உள்ளே தேங்கியிருந்த வெதுவெதுப்பான நீர் காலில் கொட்டியது. செத்த கரப்பானைத் துடைப்பத்தால் தள்ளினேன். அப்பா எப்போதாவது படுக்கும் மரக்கட்டிலை இழுத்துப் போட்டு, மெத்தையைப் படுக்க வைத்து, உறையைத் துடைத்து, மின்விசிறியைச் சுழல விட்டேன். நல்ல சரக்கு என்பது உண்மைதான். சாயங்காலத்துக்குள் புடைப்பு முக்கால்வாசி இறங்கி, வாடையும் போய்விட்டது.

வேன் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே வந்தாள். முழங்கை வரை வெள்ளி. நெற்றியில், காதோரத்தில், சேலைக் கொசுவத்தில் எல்லாம் மினுக்கம். கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"பாவி மகளே. பிரிச்சிட்டியா?"

"ஆமா."

"சரி, பிரிச்சது பிரிச்சாச்சு. மேல ஒரு விரிப்பப் போட்டு வையி. நான் கடைக்காரர்ட்ட வேற கவரு வாங்கி..."

"கையக் குடு."

"எதுக்கு? இன்னும் குளிக்கல. மருந்துக் கையி."

"குடும்மா."

கொடுத்தாள். என்னவென்று தெரியாமல்தான் கொடுத்தாள். நான் அவளைக் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார வைத்தேன். இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்து, அந்த வெள்ளை உறையின் மேல், தலைமாட்டுக்குக் கீழே, அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன். மெத்தை அமுங்கி உடனே மேலெழுந்தது. பள்ளம் மறைந்தது. பத்து விரலும் இரண்டு உள்ளங்கையும் வெள்ளியில் அப்படியே விழுந்து கிடந்தன. ரேகைகூடத் தெரிந்தது. சோப்புக்கும் போகாது, சோடாவுக்கும் போகாது. எங்கள் ஊரில் யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மா அந்தத் தடத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். படிக்க வைத்தது தப்பு என்றாள். நல்ல பொருளைப் பாழாக்கிவிட்டேன் என்றாள். எவன் வீட்டுக்கு இதைக் கொண்டுபோக முடியும், எவள் வாங்கி விரிப்பாள் என்றாள். சித்தி சத்தம் கேட்டு ஓடி வந்து, எட்டிப் பார்த்து, "அய்ய, இத இனி யாரு தொடுவா?" என்று மூக்கைச் சுளித்தாள்.

"யாரும் தொட வேண்டாம்" என்றேன். "அந்த வீட்டுக்குச் சொல்லிருங்க சித்தி. மெத்தையும் இல்லை, நானும் இல்லைன்னு."

அம்மா குளித்துவிட்டு வந்தாள்.  பாயைத் தேடினாள். அதை நான் முன்னமே நனைத்துக் கொடியில் போட்டிருந்தேன். ஈரப்பாயைத் தொட்டுப் பார்த்தாள். "வீணாப் போனதுல படுத்தா என்ன" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மெத்தையில் ஏறினாள்.

காலையில் எனக்குத் தாமதமாக விழிப்பு வந்தது. வழக்கமான அந்தச் சத்தம் கேட்கவில்லை. வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒருக்களித்துக் கிடந்தாள், ஒரு கை கன்னத்துக்குக் கீழே. மற்றொரு கை நேற்று விழுந்த தடத்தின் பக்கத்தில் விரிந்து கிடந்தது.

நான் வெளியே போனேன். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எங்கத்தா அக்காவ? லேட்டாச்சு."

"இன்னிக்கு வரமாட்டாங்க அண்ணே. தூங்குறாங்க."

"தூங்குறாகளா?" என்றார், அப்படி ஒரு காரணத்தை இதுவரை கேட்டிராதவர்போல. வேனுக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது.

உள்ளே அம்மா பாதி விழித்திருந்தாள்.

"வேனு போயிருச்சா?"

"போயிருச்சு."

"சண்டாளி" என்றாள். பிறகு எதையும் பிடிக்காமல், கையை ஊன்றாமல், தானாகவே மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.